மனம் தேறிய வரலாறு – 18: கரைக்கு வந்த வட்டம்

சென்ற இதழில் கீழ்ப்பாக்கத்து மதில்களுக்குள் இருந்தோம். 1794-இல் சென்னையில் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய மனநலக் காப்பகத்தின் கதை அது. அந்தக் கதையில் நோயாளி ஒரு பக்கம், மருத்துவர் ஒரு பக்கம், நடுவில் ஒரு மேசை. இந்த இதழில் அந்த மேசை இல்லை. எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் நோயைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசி, ஒருவரால் ஒருவர் தேறிய வரலாறு இது. மருத்துவ நூல்கள் இதைக் குழு உளசிகிச்சை என்கின்றன.

இந்த வரலாற்றை பாஸ்டனில் தொடங்கி லண்டனில் முடிப்பது வழக்கம். நாம் தூத்துக்குடிக் கரையில் நின்று பார்ப்போம். இந்தச் சிகிச்சை போன இடமெல்லாம் உருமாறியது. காசநோயாளிக்கு ஒரு வடிவம், போர்வீரனுக்கு ஒரு வடிவம், குடிநோயாளிக்கு ஒரு வடிவம். வ.உ.சி. துறைமுகத்தையும் அதைச் சுற்றியுள்ள மன்னார் வளைகுடாக் கரையையும் பாருங்கள். விசைப்படகில் போகும் மீனவர், சங்கு குளிப்பவர், உப்பளத்தில் உப்பு வாரும் பெண், கப்பல் நிற்கும் சில மணி நேரம் மட்டுமே தரை மிதிக்கும் மாலுமி, தீராத நோயோடு ஏர்வாடி தர்காவுக்கு வந்து தங்கும் குடும்பம் என்று எத்தனை விதமான மனிதர்கள்! ஒரே வட்டத்தில் இவர்களை உட்காரவைக்க முடியாது. எப்படி மாற்றினால் உட்காருவார்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கயிறு யார் கையில்?

தூத்துக்குடிக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்புத் தொடர் 1955-இல் தொடங்கி 1961-இல் முடிந்தது. அதற்குப் பின் கடலடி முத்துப்பாரில் சிப்பி தேறவில்லை. அதுவரை நூற்றாண்டுகளாக நடந்த முறை எளிமையானது, அபாயமானது. குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சுக்குள் சிப்பியைக் கூடையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் உடனே இழுக்க வேண்டும். இழுக்கத் தாமதித்தால் உயிர் போகும்.

அந்தக் கயிற்றைப் பிடிக்க மைத்துனரையே நிறுத்துவார்கள் என்று கடற்கரை ஊர்களில் இன்றும் சொல்லக் கேட்கலாம். அக்காள் தங்கை வாழ்க்கை அந்தக் கயிற்றில் இருக்கிறது, கைநழுவவிட மாட்டார். அன்பு, நட்பு ஆகியவற்றைவிட, இழப்பில் பங்குள்ளவனே நம்பத்தக்கவன் என்று இந்தக் கரை முடிவு செய்திருந்தது.

மேற்கில் வளர்ந்த குழு சிகிச்சை இதற்கு நேர் எதிரான விதியில் நின்றது. ஒருவரை ஒருவர் அறியாதவர்களைத்தான் அங்கே வட்டத்தில் உட்காரவைத்தார்கள். அந்த விதி எங்கிருந்து வந்தது, நம் ஊருக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதைப் பார்த்தால் இந்த வரலாற்றின் முடிச்சு அவிழும்.

மருத்துவமனையும் போர்க்களமும்

1905 ஜூலையில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜோசப் பிராட், ஏழைக் காசநோயாளிகளுக்கு ஒரு வகுப்பு தொடங்கினார். காசநோய்க்கு அன்று மருந்து இல்லை. மலைவாச சானடோரியத்தில் தங்க இவர்களிடம் பணமும் இல்லை. வீட்டிலேயே ஓய்வு, நல்ல காற்று, சத்துள்ள உணவு என்ற ஒழுங்கைக் கற்றுத்தர வாரம் ஒருமுறை கூட்டினார். ஒவ்வொருவரும் தினமும் குறிப்பேடு எழுதிக் கொண்டுவர வேண்டும். செலவை எம்மானுவேல் தேவாலயம் ஏற்றது. தனித்தனியாகப் பார்த்தால் ஆகும் நேரத்தை மிச்சப்படுத்தவே பிராட் இதைத் தொடங்கினார். சில மாதங்களில் வேறொன்றைக் கவனித்தார். இனமும் மதமும் வேறான அந்த மனிதர்களை ஒரே நோய் உறவுக்காரர்களாக்கியிருந்தது. எடை கூடிய ஒருவரைப் பார்த்து மற்றவர்களுக்குத் தெம்பு வந்தது. கற்பிக்கக் கூட்டிய கூட்டமே மருந்தாகியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் இதற்கு அடுத்த வடிவத்தைத் தந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் மனம் உடைந்த வீரர்கள் நிரம்பிக் கிடந்தார்கள். 1942-43 குளிர்காலத்தில் வில்ஃபிரெட் பியோன், ஜான் ரிக்மன் என்ற இரு மருத்துவர்கள் அந்த வார்டையே ஒரு குழுவாக நடத்திப் பார்த்தார்கள். பியோன் 1897-இல் நம் நாட்டின் வடக்கே மதுராவில் பிறந்தவர். வீரர்கள் தாங்களே வேலைக் குழுக்கள் அமைத்து, தினமும் கூடி, தங்களைத் தடுப்பது எது என்று தாங்களே ஆராய வேண்டும் என்றார். ராணுவ நிர்வாகம் ஆறே வாரத்தில் அதை நிறுத்தியது. ஆனால் விதை விழுந்துவிட்டது. அடுத்து அங்கே வந்த ஃபோக்ஸ் என்ற மருத்துவர் சிறு குழுக்களாகப் பிரித்து, பொறுமையாக, அதிகாரிகளையும் அணைத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார். பியோன் தோற்ற இடத்தில் ஃபோக்ஸ் நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. குழுவைச் சுற்றியுள்ள நிறுவனமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அவர் புரிந்துகொண்டார்.

போருக்குப் பின் ஃபோக்ஸும் அவர் வழியினரும் குழுவுக்கு விதிகள் வகுத்தார்கள். ஏழெட்டுப் பேர். வாரம் ஒருமுறை, ஒரே அறை, ஒரே நேரம். முன்பின் அறியாதவர்கள். குழுவுக்கு வெளியே பழக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது. நகரத்தில், வேலைநேரம் ஒழுங்காக உள்ளவர்களுக்கு, தனிமையில் வாழ்பவர்களுக்குப் பொருத்தமான விதிகள் இவை. 1970-இல் இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய பாடநூல் குழுவில் எது குணமாக்குகிறது என்று பட்டியலிட்டது. நம்பிக்கை பிறப்பது, நமக்கு மட்டும் இல்லை இந்தத் துன்பம் என்று தெரிவது, பிறருக்கு உதவும்போது தன்மேல் மதிப்பு கூடுவது என்று அது நீள்கிறது. இந்தப் பலன்கள் எங்கும் பொது. விதிகள் மட்டும் ஊருக்கு ஊர் மாற வேண்டியிருந்தது.

அந்நியர் இல்லாத ஊர்

திரேஸ்புரத்திலோ மணப்பாட்டிலோ ஏழு பேரைக் கூட்டி, "நீங்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள்" என்று சொல்ல முடியுமா? ஒருவர் மற்றவருக்கு மச்சான், சித்தப்பா, ஒரே படகில் கூலிக்குப் போனவர், ஒரே பங்குக்கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். வட்டத்தில் சொன்ன ரகசியம் மாலைக்குள் மீன் ஏலக்கூடத்துக்குப் போய்விடும் என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது.

இந்தச் சிக்கலுக்கு இந்தியா கண்ட முதல் விடை அமிர்தசரஸில் பிறந்தது. 1950-களில் அங்கே மனநல மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யா சாகர், வளாகத்துக்குள்ளேயே கூடாரங்கள் போட்டு, நோயாளியின் குடும்பத்தை உடன் தங்கவைத்தார். படுக்கைப் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம். குடும்பங்கள் ஒன்றுகூடி மருத்துவர் சொல்வதைக் கேட்டன. ஒன்று படும் பாட்டை மற்றொன்று கண்டது. நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொண்டு ஊர் திரும்பின. மனநோயாளி என்றால் கைவிட வேண்டியவர் என்ற எண்ணம் அந்தக் கூடாரங்களில் கரைந்தது.

தமிழ்நாட்டில் இதே வழியைப் பிடித்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1957-இல் பாகாயத்தில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு வீட்டார் ஒருவராவது தங்க வேண்டும் என்பதை அடிப்படை விதியாக்கிக்கொண்டது. மேற்கத்திய முறையில் குடும்பம் வாசலில் நிற்கும். இங்கே குடும்பம் உள்ளே வந்து உட்கார்ந்தது. இழப்பில் பங்குள்ளவன் கையில் கயிற்றைக் கொடுப்பது என்று முத்துக்குளிப்புக் கரை கண்ட நியாயத்தை, வேலூர் மருத்துவ முறையாகவே ஆக்கியது. நம் குழு சிகிச்சை வரலாற்றில் இதுதான் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன்.

மஞ்சக்குடி, 1989

அடுத்த பெரிய மாற்றம் குடிநோயிலிருந்து வந்தது.

குடிநோயாளிகளின் வட்டம் உலகில் மருத்துவர்களால் தொடங்கப்படவில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடிக்கு அடிமையாகியிருந்த இருவர், ஒரு பங்குச் சந்தைத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், ஒருவர் துணையில் ஒருவர் குடியை விட்டார்கள். அதிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. இயக்கம். இந்தியாவில் அது 1957-இல் பம்பாயில் வேர்விட்டது. ஊதியம் வாங்கும் சிகிச்சையாளர் இல்லை, கட்டணம் இல்லை, குலம், பதவி கேட்பதில்லை, முதல் பெயர் போதும். பெயர் மறைக்கும் அந்த விதி நகரத்துக்குப் பொருந்தியது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த கிராமத்தில் அது என்ன செய்யும்?

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவர் டி.டி. ரங்கநாதனை இழந்த துயரத்திலிருந்து எழுந்து, அவர் பெயரிலேயே ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிவது அதைத்தான். அங்கே மருந்தோடு குழு சிகிச்சையும், மனைவிமாருக்குத் தனிக் குழுவும் நடந்தன. ஆனால் கிராமத்து நோயாளி வந்து சேரவில்லை. வந்தால் ஒரு மாதக் கூலி போகும். சென்னை அவருக்கு அந்நிய ஊர். திரும்பிப் போனால் அதே கடை, அதே கூட்டாளிகள்.

ஆகவே மருத்துவமனை கிராமத்துக்குப் போனது. அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் 1989-இல் முதல் முகாம். ஊரிலுள்ள அமைப்பு இடமும் சோறும் ஏற்பாடு செய்தது. யார் யாருக்கு உதவி தேவை என்று ஊர்ப் பெரியவர்களே கண்டு சொன்னார்கள். பதினைந்து நாள் முகாமில் குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கு மருந்து, பின் குழுவாகப் பேச்சு, குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி சிகிச்சை வாய்மொழியாக நடந்தது. முகாம் முடிந்த பின்னும் குழுவினர் அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். இந்த அனுபவத்தை 1994-இல் சாந்தி ரங்கநாதன் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்.

மஞ்சக்குடியின் கண்டுபிடிப்பு பெரிது. குடிநோயை ரகசியமாக்கிக் குணப்படுத்த முயலாமல், ஊர் முழுவதையும் சாட்சியாக்கிக் குணப்படுத்தினார்கள். ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மறைக்கப் பாடுபடுவதில் பயன் இல்லை. முகாமுக்குப் போய் வந்தவர் தெருவில் நடக்கும்போது "பதினைந்து நாளாச்சு, நல்லா இருக்கீங்க" என்று கேட்கும் ஊர் கிடைத்தால், அந்த ஊரே அவருடைய அடுத்த வட்டம்.

அதே 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. கடன், சேமிப்பு என்று கூடிய அந்தப் பெண்களால், வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பழக்கம் தமிழ்நாட்டின் கடைக்கோடிக் கிராமம் வரை பரவிவிட்டது. மனநலத் துறை அதை இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

ஏர்வாடி

2001 ஆகஸ்ட் 6. இதே மன்னார் வளைகுடாக் கரையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-இல் வந்த மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடைசெய்தது.

சட்டம் சங்கிலியை எடுத்தது. குணம் தேடி ஏர்வாடி தர்காவுக்கு வரும் குடும்பங்களுக்கு என்ன செய்வது? நம்பிக்கையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வா என்றால் வரமாட்டார்கள். மதுரை எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையின் டாக்டர் சி. ராமசுப்ரமணியன் போன்றோர் உழைப்பில், அரசின் துணையோடு, தர்காவுக்கு அருகிலேயே மருந்தும் ஆலோசனையும் தரும் ஏற்பாடு வந்தது. தவா என்னும் மருந்தும் துவா என்னும் வேண்டுதலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்தத் திட்டத்துக்கு 'தவா – துவா' என்று பெயர்.

தீவிர மனநோய்க்கான குழு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஏர்வாடி நமக்கு உணர்த்துகிறது. குடிநோயாளியின் வட்டத்தில் "நீ உன்னையே ஏமாற்றிக்கொள்கிறாய்" என்று சக நோயாளி முகத்துக்கு நேரே சொல்லலாம். அது அங்கே மருந்து. மனச்சிதைவு உள்ளவரிடம் அப்படிச் சொன்னால் பயந்து ஒதுங்குவார். அவருக்கான குழு சிறியதாக இருக்க வேண்டும். நேரம் குறைவாக இருக்க வேண்டும். இன்று சமையல், நாளை பஸ்ஸில் போய்வருவது என்று பேச்சுக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். கட்டாயம் பேச வேண்டும் என்பது கூடாது. குரல்கள் கேட்கும் கடும் நிலையிலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருக்கும்போதோ குழு முதல் சிகிச்சை ஆகாது. மருந்தும் தனிக் கவனிப்பும் முதலில். அதே சமயம், வருடக்கணக்காக மகனையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு தர்கா முற்றத்தில் கிடக்கும் பராமரிப்பாளர்களுக்கு ஒரு குழு அவசியம். தூங்காத இரவுகளைப் பற்றி அவர்களை யாரும் கேட்பதில்லை.

கடலுக்கு அக்கரையில்

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் இந்தச் சிகிச்சை இன்னொரு முறை உருமாறியது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், பாதிக்கப்பட்டவர் தனிமனிதர் மட்டும் அல்லர், ஊரும் உறவும் நம்பிக்கையும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்று எழுதினார். அவரும் சா. சிவயோகனும் தமிழிலேயே உளநலம் பற்றி எழுதினார்கள். பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சிகளை அவர் அந்தந்த மக்களின் வழிபாட்டிலிருந்தே எடுத்தார். சைவர்களுக்கு ஓங்காரம், கிறித்தவர்களுக்குச் செபம், முஸ்லிம்களுக்கு திக்ர். பயிற்சியின் உள்ளிருந்த மூச்சும் தளர்வும் ஒன்றுதான். வாசல் மட்டும் வேறு.

மட்டக்களப்பில் 1996-இல் கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். "என்ன நடந்தது சொல்" என்று அங்கே எந்தப் பிள்ளையையும் குடையவில்லை. பிள்ளைகளின் வட்டத்தில் கைகள் முதலில் பேச வேண்டும் என்பதை அந்தப் பூங்கா செய்து காட்டியது.

உடல் கிடைக்காத துக்கம்

கடற்கரைக்கென்றே ஒரு துக்கம் இருக்கிறது. போனவர் வரவில்லை, உடலும் வரவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரிக் கடலோர ஊர்களில் இது வீட்டுக்கு வீடு நடந்தது. அவர் இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று காத்திருக்கவும் முடியாது. மாலை எடுத்துப் படத்துக்குப் போட்டால் தானே கொன்றதுபோல் ஒரு குற்றவுணர்வு. காணாமல் போனவர் குடும்பத்துக்கு, இறந்ததாகக் கொள்ளச் சட்டம் கேட்கும் ஏழாண்டு காத்திருக்காமல் அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தது. அது சோற்றுக்கு வழி செய்தது. துக்கத்துக்கு வழி வேறு வேண்டியிருந்தது.

இந்த நிலைக்கு அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களிலேயே ஒரு கருத்தாக்கம் தந்திருந்தார். தெளிவற்ற இழப்பு என்று அதைச் சொல்லலாம். 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து, அங்கே துப்புரவு, காவல் வேலை பார்த்தவர்கள் காணாமல் போனபோது, அவரும் தோழர்களும் அந்தக் குடும்பங்களைப் பல குடும்பங்கள் கூடும் குழுவாகக் கூட்டினார்கள். மருத்துவமனையில் கூட்டவில்லை. அந்தத் தொழிலாளர்களின் தொழிற்சங்கக் கட்டடத்தில் கூட்டினார்கள். பிள்ளைகளும் பாட்டிகளும் வந்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். "இன்னும் முடிவு தெரியாமலேயே வாழப் பழகலாம்" என்பதுதான் அந்தக் குழுவின் இலக்கு. மறந்துவிடு என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு நடத்திய துணைநிற்றல் திட்டமும் இதே வகையில் ஒத்த துயரம் உள்ளவர்களை ஒன்றுகூட்டியது.

இடம் எது என்பது இங்கே முக்கியம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த வீட்டாரை அரசுக் கட்டடம் ஒன்றில் கூட்டி மனம்விட்டுப் பேசச் சொன்னால் பேச்சு வருமா? 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய காயல்பட்டினத்துப் பெண்களை, ஆண்கள் நிறைந்த அரங்கில் உட்காரவைத்தால் வாய் திறப்பார்களா? அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

தொழிலின் பஞ்சாங்கம்

இனி வ.உ.சி. துறைமுகத்துக்கு வருவோம். 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-இல் கப்பலோட்டிய தமிழனின் பெயரைப் பெற்ற துறைமுகம் இது. இங்கு வரும் மாலுமி எட்டு ஒன்பது மாதம் கடலில் இருப்பவர். கப்பல் சரக்கு இறக்கும் நேரம்தான் அவர் கரையில் இருக்கும் நேரம். வாரம் ஒருமுறை வா என்று அவரிடம் சொல்வதில் பொருள் இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. யாலோம் 1983-இல் மருத்துவமனை வார்டுகளுக்கான குழுவைப் பற்றித் தனி நூல் எழுதினார். அங்கே நோயாளிகள் நீண்ட காலம் தங்குவதில்லை. இன்று இருப்பவர் நாளை இல்லை. ஆகவே ஒவ்வொரு அமர்வையும் குழுவின் முழு வாழ்நாளாகக் கருது, அந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்தவர் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போகும்படி செய் என்றார். துறைமுகத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, துறைமுகங்களில் மாலுமிகளுக்கான நலவசதிகளைக் கோருகிறது. மாலுமிகள் மையத்தில் ஒரு மணி நேர வட்டம் ஒன்று அந்த நலவசதியில் சேரட்டும்.

கரைத் தொழில்களுக்கு வேறு கணக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வருமானம் இல்லை, பொழுது உண்டு, குடி கூடும் காலமும் அதுவே. மஞ்சக்குடிபோல் பதினைந்து நாள் முகாம் நடத்த ஆண்டில் இதைவிட நல்ல பருவம் எது? கடலுக்குப் போகும் பருவத்தில் முகாம் வைத்துவிட்டு, மீனவர் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை எழுதுவது முறையல்ல.

உப்பளத்தின் பஞ்சாங்கம் இதற்கு மாறானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் வாரும் வேலை நிற்கும்; அரசு அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வெயிலில் கண் கூச, உப்புநீரில் கால் வெடிக்க உழைக்கும் பெண்களுக்கு உட்கார நேரம் கிடைப்பது அப்போதுதான். அவர்கள் குழு பெண்களால் மட்டும் ஆனதாக, சுய உதவிக் குழு கூடும் இடத்திலேயே, அந்தக் கூட்டம் முடிந்ததும் நடக்க வேண்டும்.

இப்படிச் செய்ய முடியுமா என்பதற்கு உகாண்டா சாட்சி. 2002-இல் அங்கே மசாகா, ராக்காய் மாவட்டங்களின் 30 கிராமங்களில் மனச்சோர்வுக்குக் குழு சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் குழு. வாரம் ஒன்றரை மணி நேரம், 16 வாரம். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். சாவு வீடு, சடங்கு என்று ஒரு வாரம் வராமல் போனாலும் குற்றமில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள். பெரியவர்களிடம் நேரே எதிர்த்துப் பேசாமல் சுற்றிவளைத்துச் சொல்லும் வழக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. அந்த ஆய்வு 2003-இல் வெளியானது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறைக்குக் கையேடே வெளியிட்டது.

செய்ய வேண்டியவை

நூற்றிருபது ஆண்டு வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் தீர்ப்பு இதுதான். குழு சிகிச்சை தோற்ற இடங்களில் எல்லாம், நோயாளியைச் சிகிச்சைக்கு ஏற்ப மாற்றப் பார்த்திருக்கிறார்கள். வென்ற இடங்களில் சிகிச்சையை நோயாளியின் நேரம், இடம், உறவு ஆகியவற்றுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். மாறாமல் காக்க வேண்டியவை மூன்றே: வட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லாத ஒழுக்கம், பேச மறுக்கும் உரிமை, ஆபத்தான நிலையில் உள்ளவரைக் கண்டறிந்து மருத்துவரிடம் அனுப்பும் விழிப்பு. சிறிய ஊரில் முதலாவதைக் காப்பது கடினம். ஆகவே குடியைப் போல ஊரறிந்த நோய்க்கு ஊருக்குள் குழு, வீட்டு வன்முறை, தற்கொலை எண்ணம் போன்றவற்றுக்குப் பக்கத்து ஊரில், தெரிந்தவர் இல்லாத குழு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

தேவையானவை எல்லாம் இந்தக் கரையில் ஏற்கெனவே உள்ளன. தூத்துக்குடியில் 2000-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குதோறும் அன்பியக் குழுக்கள் கூடுகின்றன, ஜமாஅத்துகள் இருக்கின்றன, விசைப்படகுச் சங்கங்களும் உப்பளத் தொழிற்சங்கங்களும் இருக்கின்றன. இவற்றை இணைக்க ஒருவர் முன்வர வேண்டும். மருத்துவக் கல்லூரி பயிற்சி தரட்டும். சங்கங்கள் இடம் தரட்டும். அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கும்போது, கடற்கரை ஊர் ஒன்றிலாவது முதல் பதினைந்து நாள் முகாம் நடக்கட்டும். துறைமுக நிர்வாகம் மாலுமிகளுக்கு ஓர் அறையும் ஒரு மணி நேரமும் ஒதுக்கட்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத நிலையில் உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

(தொடரும்)